குட்டிக்கரணத்துக்கும் சாதி உண்டு

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தெருக்களில் நோட்டீஸ்கள் முளைத்துவிடும். அபாகஸ், ஸ்போக்கன் இங்கிலீஷ், பரதநாட்டியம், கராத்தே, சிலம்பம். இப்போது அந்த வரிசையில் ஜிம்னாஸ்டிக்ஸும் சேர்ந்திருக்கிறது. மெத்தை விரித்த மாடியில் நாலைந்து வயதுப் பிள்ளைகள் கரணம் போடும் படம், அதன் கீழே மாதக் கட்டணம். ஷூ கம்பெனிக்குப் போய்வரும் நம் பெண்கள் அந்த நோட்டீஸை மடித்து எடுத்துவந்து எங்களிடம் கேட்கிறார்கள்: "மேடம், எம்பொண்ணு எப்பப் பாத்தாலும் குட்டிக்கரணம் போட்டுனே கீது. இதுல சேக்கலாமா, இல்ல டியூஷன்லயே போடட்டுமா?"

இதற்கு நம் ஆட்களிடமிருந்தே ஒரு பதில் உடனே வந்து விழுகிறது. "அதெல்லாம் காசுள்ளவன் வீட்டுப் பிள்ளைக்கு. நம்ம பிள்ளை படிக்கட்டும்." சேரியில் இரவுப் பாடசாலை நடத்தும் தோழர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், முதல் தலைமுறையாக அரசு வேலைக்குப் போனவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இது தவறான பதில். சாதி எழுதிக் கொடுத்த வசனத்தை நம் வாயால் நாமே ஒப்பிக்கும் பதில்.

இந்தப் பதிலுக்குள் ஒரு நியாயம் இருப்பதை மறுக்கவில்லை. தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று கால் வெந்தது யார்? ஈரத் தோலைத் தோளில் சுமந்தது யார்? 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டி உடைந்து, பக்கத்துத் தொழிற்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றிலேயே செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைக்கும் பெண்களுக்கு ஒரு ஜோடிக்குக் கிடைத்தது ஏறக்குறைய 10 ரூபாய்தான் என்று 2016இல் வெளியான ஆய்வு சொன்னது. முதுகு வலி, கழுத்து வலி, கண் எரிச்சல் எல்லாம் அந்தக் கூலிக்குள் அடக்கம். இத்தனை தலைமுறையாக உடம்பை விற்றே பிழைத்த சமூகம், "இனி உடம்பு வேண்டாம், மூளை போதும்" என்று நினைப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் தோழர்களே, உடம்பு ஒருத்தருக்கு, மூளை ஒருத்தருக்கு என்று பிரித்தவர்கள் யார்? தலையிலிருந்து பிறந்தவன், காலிலிருந்து பிறந்தவன் என்று கதை கட்டியவர்கள்தானே? சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே படிப்படியாக அடுக்கிப் பிரிப்பது என்று 1936இலேயே அம்பேத்கர் விளக்கினார். அந்த அடுக்கை உடைக்கக் கிளம்பிய நாம், கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்குத் தாவினால் போதும் என்று நினைக்கிறோம். ஆதிக்க சாதிப் பிள்ளைக்கு டியூஷனும் உண்டு, நீச்சலும் உண்டு, நடனமும் உண்டு. நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் இரண்டில் ஒன்று?

கூலிக்கு வளைந்த முதுகும் ஆசைக்கு வளைகிற முதுகும் ஒன்றல்ல. முதலாளி சொன்னபடி எட்டு மணி நேரம் குனிந்திருக்கும் உடம்பு அந்த நேரத்தில் நம்முடையதாக இல்லை. ஒரு குழந்தை தானாகக் கைகளை ஊன்றி, காலை மேலே தூக்கி, உலகத்தைத் தலைகீழாகப் பார்த்துச் சிரிக்கிறதே, அந்த நேரத்தில் உடம்பு முழுக்க முழுக்க அதனுடையது. நம் மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்டது இதுதான். தன் உடம்பு தனக்கு என்கிற உரிமை. அதைத் தேவையில்லாத செலவு என்று தள்ளிவைக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இன்னொரு குரலும் கேட்கிறது. "பொம்பளப் புள்ள தொம்பரக் கூத்தாடி மாதிரி பல்டி அடிக்கணுமா?" இதை வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இந்த வசவில் ஒரு சாதியின் பெயர் இருக்கிறது. கயிற்றின் மேல் நடந்து, மூங்கில் கழையின் உச்சியில் வயிற்றை ஊன்றிச் சுழன்று, தெருவில் கரணம் போட்டுப் பிழைத்த கழைக்கூத்தாடிகளின் பெயர் அது. இந்த மண்ணின் முதல் ஜிம்னாஸ்டிக்ஸ் கலைஞர்கள் அவர்கள்தான். 1909இல் எட்கர் தர்ஸ்டன் தன் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் தொகுப்பில் தொம்மர்களைக் கரணம் போடுபவர்கள், உடற்பயிற்சி வித்தைக்காரர்கள் என்றுதான் பதிவு செய்தார். தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் வரிசையில் தொம்பன், தொம்பரா என்ற பெயர்கள் உண்டு. சீர்மரபினர் பட்டியலில் தொம்மர் என்ற பெயரும், அதற்கு எதிரே சொல்லப்படும் மாவட்டங்களில் வேலூரும் உண்டு. சீர்மரபினர் என்றால் யார்? பிறப்பாலேயே குற்றவாளி என்று வெள்ளைக்காரச் சட்டம் முத்திரை குத்திய மக்கள்.

ஆக, நம் ஊரில் கரணம் போட்ட உடம்புக்குக் கிடைத்த மரியாதை இதுதான். ஒரு தட்டில் சில்லறை, ஒரு வசவுச் சொல், ஒரு போலீஸ் பதிவேடு.

இதே கம்பத்தை இன்னொரு பக்கம் பாருங்கள். மராட்டியத்தில் மல்லகம்பம் என்று ஒரு பயிற்சி உண்டு. நட்டுவைத்த கம்பத்தில் ஏறி உடம்பை வளைத்துக் காட்டுவது. தமிழில் மல்லர் கம்பம் என்கிறோம். அதற்குச் சொல்லப்படும் வரலாறு, இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் அவையில் மல்யுத்த ஆசானாக இருந்த பாலம்பட்ட தாதா தேவ்தர் என்ற பார்ப்பனரிடமிருந்து தொடங்குகிறது. பேஷ்வா ஆட்சி நம் மக்களின் கழுத்தில் எச்சில் கலயத்தைக் கட்டித் தொங்கவிட்ட ஆட்சி என்பதை அம்பேத்கர் எழுதியிருக்கிறார். அந்த அவையில் ஏறிய கம்பம் இன்று கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் பதக்கம் தரும் விளையாட்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த போட்டிகளிலும் அது இருந்தது. விழுப்புரத்துப் பிள்ளைகள் அதில் தேசிய அளவுக்குப் போயிருக்கிறார்கள், நமக்கும் மகிழ்ச்சிதான். யாரும் யாரிடமிருந்தும் திருடினார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு கம்பத்தில் ஏறியவருக்கு வரலாறும் பதக்கமும், இன்னொரு கம்பத்தில் ஏறியவருக்குப் பிச்சைத் தட்டு. இந்த வித்தியாசம் கம்பத்தில் இருந்ததா, ஏறியவரின் பிறப்பில் இருந்ததா என்றுதான் கேட்கிறோம்.

பரதநாட்டியத்தின் கதையும் மாணவர்களுக்குத் தெரிந்ததுதான். சதிராட்டம் ஆடிய பெண்கள் இழிவானவர்களாக ஆக்கப்பட்டார்கள். 1936இல் கலாக்ஷேத்ரா வந்தது, 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. கோயிலில் கட்டிப்போட்ட கொடுமையை ஒழித்தது சரியே. ஆனால் ஆட்டம் மட்டும் வேறு வீடுகளுக்குக் குடிபோய், புனிதமாகி, இன்று மாதக் கட்டணத்தோடு நம் தெருவுக்கே நோட்டீஸாக வருகிறது. அந்த மேடையில் ஒலிக்கும் மிருதங்கத்துக்கு மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் பதப்படுத்திக் கட்டுபவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவக் கைவினைஞர்கள். அவர்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வெளிவந்தபோது, வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. தோல் வேண்டும், தோலைத் தொட்டவன் வேண்டாம். தோல் பூமியில் பிறந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

"அப்படியானால் குழந்தைகளைத் தெருவில் கரணம் போட வைத்தது சரியா?" என்று சிலர் மடக்கப் பார்ப்பார்கள். இல்லை. பசிக்காகக் குழந்தையைக் கழையில் ஏற்றியது கொடுமைதான். சர்க்கஸ்களில் குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நாம் வரவேற்கிறோம். ஆனால் கொடுமை கரணத்தில் இல்லை, கட்டாயத்தில் இருந்தது. "எனக்கு இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்ல முடியாத குழந்தை எங்கே கரணம் போட்டாலும் அது வேலைதான். தெருவில் போட்டாலும் சரி, குளிர்சாதன அரங்கில் பதக்கத்துக்காகப் போட்டாலும் சரி.

விளையாட்டு சாதி பார்க்காது என்று சொல்கிறவர்களுக்குப் பல்வங்கர் பாலூவை நினைவூட்டுவோம். தோல் தொழில் செய்யும் சாம்பார் சாதியில் பிறந்தவர். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக 114 விக்கெட் எடுத்தவர். புனேயில் அவர் பந்தைத் தொட்டார்கள், பந்தும் தோல்தான். ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு வெளியே நிற்க வைத்துத் தனிக் குவளை. 2008இல் ஐபிஎல் தொடங்கிய ஆண்டிலேயே, மொஹாலியில் சியர்லீடர்களாக வந்த கறுப்பினப் பெண்கள் இருவர், தங்கள் நிறத்தைக் காரணம் காட்டி ஆடவிடாமல் நிறுத்தினார்கள் என்று குற்றம் சாட்டினார்கள். ஏற்பாட்டாளர்கள் மறுத்தார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அனைத்துப் பிரிவுத் தனிநபர் ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் கேபி டக்ளஸ். அவர் வென்ற அன்று சமூக ஊடகங்களில் பலர் பேசியது அவருடைய தலைமுடியைப் பற்றி.

நம் ஊர் வகுப்புகளில் இது இன்னும் நாசூக்காக நடக்கும். "எந்தத் தெருவும்மா?" என்று முதல் நாளே கேட்பார்கள். ஆண்டு விழாவில் வெள்ளைத் தோல் பிள்ளைகள் முன் வரிசையில் நிற்பார்கள், நம் பிள்ளை பிரமிடின் அடிவரிசையில் மற்றவர்களைத் தாங்கி நிற்கும். "உங்க பாப்பாவுக்கு நல்ல பலம்" என்பது பாராட்டு மாதிரியே ஒலிக்கும். உடைக்குத் தனிக் காசு, போட்டிக்குத் தனிக் காசு. மாலை 5 மணிக்கு வகுப்பு, அம்மாவின் ஷிஃப்ட் முடியவே அதற்கு மேல் ஆகும். யாரும் நம்மை வெளியே போ என்று சொல்ல மாட்டார்கள். நேரமும் கட்டணமும் அதைச் சொல்லிவிடும்.

ஜெயித்து வந்தவர்களின் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். அகர்தலாவின் தீபா கர்மாக்கர் தட்டைப் பாதத்தோடு பிறந்தவர். தொடக்க காலத்தில் அவர் பழகியது பழைய ஸ்கூட்டர் உதிரிப் பாகங்களை வைத்துச் செய்த தாவு மேடையில். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 15.066 புள்ளிகளுடன் நான்காம் இடம், வெண்கலம் 0.150 புள்ளியில் தவறியது. அப்பா இந்திய விளையாட்டு ஆணையத்தின் பளுதூக்கும் பயிற்சியாளர். வீட்டுக்கு எட்டும் தூரத்தில் ஒரு கூடமும் பிஸ்வேஸ்வர் நந்தி என்ற பயிற்சியாளரும் இருந்தார்கள். அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் 6 வயதில் பகல்நேரக் காப்பகத்திலிருந்து சுற்றிப் பார்க்கக் கூட்டிப்போன இடம் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் கூடம். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. நம் வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014இலும் 2018இலும் காமன்வெல்த் போட்டிகளில் பளுதூக்கித் தங்கம் வென்றார். அவர் அப்பாவும் பளுதூக்கியவர், அந்த ஊரிலேயே அதற்கான பழக்கமும் கூடமும் இருந்தன. திறமை எல்லாச் சேரியிலும் பிறக்கிறது. கூடம்தான் எல்லாச் சேரிக்கும் பக்கத்தில் இல்லை. நம் பையன்கள் பாலாற்று மணலில் பின்பல்டி அடித்து ரீல்ஸ் போடுகிறார்கள். மெத்தையும் இல்லை, பிடித்துக்கொள்ள ஆளும் இல்லை. ஒரு நாள் கழுத்து முறிந்தால் "வேலையத்த பசங்க" என்று ஊர் சொல்லும்.

எனவே அந்த அம்மாவுக்கு எங்கள் பதில் இதுதான்: சேர்த்துவிடுங்கள், ஆனால் பார்த்துச் சேர்த்துவிடுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை நம் இளைஞர்கள் தெரிந்துகொண்டு, அவர்களோடு போய் நின்று கேட்க வேண்டும்.

ஒன்று, தரை. சிமெண்ட் தரையிலோ டைல்ஸ் மேலோ மெல்லிய யோகா பாய் விரித்து பல்டி கற்றுக்கொடுத்தால் அந்த இடத்தில் நிற்கவே வேண்டாம். விழுந்தால் தாங்கும் தடித்த மெத்தை வேண்டும்.

இரண்டு, ஆள். பயிற்சியாளர் எங்கே படித்தார்? பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனம் போன்ற இடத்தில் பெற்ற சான்றிதழ் இருக்கிறதா? புதிய கரணம் பழகும்போது பக்கத்தில் நின்று பிடிக்கிறாரா? ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார்? முன்கரணமும் கைகளில் நிற்பதும் வராத குழந்தையை நேராகப் பின்பல்டிக்குத் தள்ளுகிறவர் பயிற்சியாளர் அல்ல.

மூன்று, வலி. குழந்தையின் முதுகில் ஏறி உட்கார்ந்து கால்களை விரிக்க வைப்பது, "குண்டு" என்று கேலி செய்வது, சாப்பாட்டைக் குறைக்கச் சொல்வது. இதில் எது நடந்தாலும் அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

நான்கு, கதவு. பெற்றோர் எந்த நேரமும் உள்ளே வந்து பார்க்கலாமா? பெண் ஊழியர் இருக்கிறாரா? எங்கே, எதற்காகத் தொடப்போகிறேன் என்று குழந்தையிடம் சொல்லிவிட்டுத் தொடுகிறார்களா? இது அதீத பயம் அல்ல. 2024 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில், போலி என்சிசி முகாம் நடத்தியவர் பள்ளிச் சிறுமியைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில் கைதானார். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவர் லாரி நாசருக்கு எதிராக 2018இல் 150க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் பேசினார்கள். சில நேரங்களில் பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே அவன் அதைச் செய்திருந்தான். குழந்தை சொன்னால் நம்புங்கள். 1098 எண்ணையும் போக்சோ சட்டத்தையும் ஒவ்வோர் அம்மாவுக்கும் சொல்லிவையுங்கள்.

ஐந்து, குழந்தை. ஒரு வாரம் போய்ப் பார்க்கட்டும். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடட்டும். நாம் கட்டிய பணத்துக்காகக் கரணம் போட வைத்தால், கழைக்கூத்தாடிக் குழந்தைக்கு நடந்ததையே நாமும் செய்கிறோம்.

ஆனால் தனியார் வகுப்பு ஒரு குழந்தைக்குத் தீர்வு, சேரிக்குத் தீர்வு அல்ல. கட்டணம் கட்ட முடிந்தவர் வீட்டுப் பிள்ளை மாடிக்கு ஏறும், பக்கத்து வீட்டுப் பிள்ளை கீழே நின்று பார்க்கும். நமக்குள்ளேயே ஒரு படிக்கட்டு உருவாகும். அம்பேத்கர் இயக்கம் கேட்க வேண்டியது கட்டணச் சலுகை அல்ல, பொதுக் கூடம்.

அதற்குச் சட்டம் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டு மைதானமும் விளையாட்டுப் பொருட்களும் வேண்டும் என்கிறது. 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. தமிழ்நாடு என்ன செய்தது? 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் என்று எல்லாவற்றுக்குமாக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தது. அவர்கள் பணி நிரந்தரம் கேட்டு வீதியில் நின்றார்கள். பல பள்ளிகளில் பி.டி. பீரியட் என்பது கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்ளும் பீரியட். மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் எத்தனை பள்ளிகளில் ஒரு பிள்ளை பயமில்லாமல் கரணம் போட ஒரு நல்ல மெத்தை இருக்கிறது? 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு போட்டால் தெரிந்துவிடும். போடுவோம்.

பணம் இல்லை என்பார்கள். 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிக்கான செயல் திட்டச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்கி நமக்கே செலவு செய்ய வேண்டும் என்பதுதான் அதன் உயிர். அதில் விளையாட்டுக் கூடங்கள் கேட்போம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவின் கீழ் வரும் பெரிய ஏற்றுமதி நிறுவனங்கள், சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அந்தப் பட்டியலில் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கும் கிராமப்புற விளையாட்டுகளுக்குமான பயிற்சி இருக்கிறது. பாலாற்றைக் கெடுத்ததற்கு 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றத்திடம் குட்டு வாங்கிய தொழில் இது. நம் பிள்ளைகள் விளையாடிய ஆற்றைக் கெடுத்தவர்கள் அவர்களுக்கு ஒரு கூடம் கட்டித் தருவது தர்மம் அல்ல, பாக்கி.

இந்த விளையாட்டில் இன்னொரு பொருத்தமும் உண்டு. ஜிம்னாஸ்டிக்ஸுக்கு ஷூ தேவையில்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ தைத்துக் கொடுத்த அம்மாக்களின் பிள்ளைகள் வெறுங்காலோடு இறங்கலாம்.

ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதன் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதும் அதிகாரம் அந்தக் குழுவுக்குத்தான். அடுத்த கூட்டத்துக்கு உங்கள் தெருப் பெண்களோடு நீங்களும் போங்கள். கழிப்பறை, குடிநீர், ஆசிரியர் பணியிடம் என்ற கோரிக்கைகளுக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: தடித்த மெத்தைகள், தகுதியான உடற்கல்வி ஆசிரியர், மாலை 6 மணிக்கு மேல் திறந்திருக்கும் கூடம். சிரிப்பார்கள். "குட்டிக்கரணம் போடவா தீர்மானம்?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஜெய்பீம்.